லீக்குக்குச் சொந்த அரங்கம்: வடசென்னையில் கட்டினால் காசு முதலில் எங்கே போகணும்

பிலிப்பைன்ஸின் பிபிஏ 1975-ல் தொடங்கிய லீக். ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அதுதான். அரை நூற்றாண்டு ஆடியும் அதற்கென்று ஒரு சொந்த அரங்கம் கிடையாது. கேசோன் நகரத்தில் அரனேட்டா கொலிசியம், பசாயில் மால் ஆஃப் ஏசியா அரினா, பாசிக்கில் பில்ஸ்போர்ட்ஸ் அரினா என்று வாடகைக்குத்தான் ஆடுகிறார்கள். பெரிய கச்சேரி ஒன்று தேதியைப் பிடித்துவிட்டால் ஆட்டம் வேறு அரங்குக்கு நகர வேண்டியதுதான். சொந்தமாகக் கட்டிவிடலாம் என்ற பேச்சு அங்கே எழுந்ததற்கு இது போதுமான காரணம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணிக்கும் இதே தலைவலி இருந்தது. 1999 முதல் லேக்கர்ஸோடும் ஒரு ஐஸ் ஹாக்கி அணியோடும் ஒரே கூரையைப் பங்கு போட்டார்கள். தேதி பிரிக்கும்போது கிளிப்பர்ஸுக்குக் கடைசி வரிசை. 2024 ஆகஸ்டில் இங்கிள்வுட்டில் 18,000 இருக்கையோடு தங்கள் அரங்கத்தைத் திறந்த பிறகுதான் அது தீர்ந்தது.

நம் ஊர் லீக் ஒன்று இப்படி யோசித்தால் எடுக்க வேண்டிய முன்மாதிரி இந்த இரண்டும் இல்லை. அமெரிக்காவின் அன்ரைவல்ட் என்ற பெண்கள் லீக்கைப் பாருங்கள். அணிக்கு மூன்று பேர் வீதம் ஆடும் கூடைப்பந்து லீக். மயாமிக்குப் பக்கத்தில் மெட்லியில் 850 பேர் உட்காரும் ஓர் அரங்கத்தைத் தயார் செய்து, 2025 ஜனவரியில் ஆறு அணிகளையும் அதே இடத்தில் ஆட வைத்தார்கள். எல்லா அணிக்கும் ஒரே ஊர், ஒரே தரை. பயணச் செலவு இல்லை, தேதிச் சண்டை இல்லை. லீக் சொந்த அரங்கம் கட்டுவதில் இருக்கும் முழு லாபமும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. இருக்கை எண்ணிக்கைக்கும் அந்த லாபத்துக்கும் சம்பந்தம் குறைவு.

சென்னையில் பெரிய உள்ளரங்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1995 தெற்காசிய விளையாட்டுக்காக நேரு ஸ்டேடியத்தை ஒட்டிக் கட்டியது, 8,000 பேர் கொள்ளும். 2009-ல் ஆசியப் பெண்கள் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. பெரிய ஃபைனலுக்கு அது போதும். வடசென்னையில் வேண்டியது வருஷம் முழுக்க மரத்தரை விரித்தே கிடக்கிற, 3,000 பேர் உட்காரும் ஒரு கூடம். கணக்கு எளிது. நீளப் பக்கம் 40 மீட்டர், அகலப் பக்கம் 20 மீட்டர், ஆளுக்கு அரை மீட்டர். சுற்றி ஒரு வரிசைக்கு 240 இருக்கை. நடைபாதைக்குக் கழித்தால் 200. பதினைந்து வரிசையில் 3,000 வந்துவிடும். வரிசைக்கு 80 செ.மீ. ஆழம் வைத்தால், கடைசி ஆள் கோர்ட் கோட்டிலிருந்து 18 மீட்டருக்குள்தான் இருப்பார். ஷூ தேய்கிற சத்தம் அவருக்கும் கேட்கும்.

இனி தரை. காசு முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் அளவில் கோர்ட் 28க்கு 15 மீட்டர். சுற்றி 2 மீட்டர் தடையில்லாத இடம் வேண்டும், ஆக 32க்கு 19. அதன் மேல் விரிப்பது மேப்பிள் பலகை: 20 மி.மீ. தடிமன், 57 மி.மீ. முகம், பக்கவாட்டில் நாக்கும் காடியும் வைத்துக் கோர்த்தது. அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு 12 மி.மீ. பிளைவுட், அதற்கும் அடியில் ரப்பர் பேடு, அதற்கும் கீழே பாலித்தீன் ஷீட், எல்லாவற்றுக்கும் கீழே கான்கிரீட். பாலித்தீன் 150 மைக்ரானுக்குக் குறையாமல், ஒன்றன் மேல் ஒன்று 15 செ.மீ. ஏறி, மடிப்பு முழுக்க டேப் ஒட்டி, சுவரோரம் மேலே மடக்கி இருக்க வேண்டும். ரப்பர் பேடை நகர்த்தும்போது இந்த ஷீட்டில் ஓட்டை விழுவது சகஜம். அதைப் பார்த்து ஒட்டுகிற ஆள் கூடவே நிற்க வேண்டும்.

மேப்பிள் ஆலையிலிருந்து வரும்போது அதற்குள் 6 முதல் 9 சதவீதம் ஈரம் இருக்கும். கூடத்தின் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பலகை அப்படியே நிற்கும். சென்னைக் காற்றோ வருஷத்தின் பெரும்பகுதி 70, 75. அந்தக் காற்றில் திறந்து போட்டால் பலகையின் ஈரம் 13, 14க்கு ஏறும். மேப்பிள் அகலவாக்கில், ஈரம் 1 சதவீதம் கூடினால் சுமார் 0.35 சதவீதம் விரியும். 4 சதவீதம் கூடினால் ஒரு பலகைக்கு 0.8 மி.மீ. ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் 19 மீட்டர் அகலத்தில் 330க்கு மேல் பலகை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 25 செ.மீ.க்கு மேல் இடம் கேட்கும். பலகை அறுத்த வாக்கைப் பொறுத்து இதில் பாதியாகவும் இருக்கலாம். பாதியே ஆனாலும் சுவரோரம் விடுகிற 5 செ.மீ. இடைவெளி பத்தாது. அதனால்தான் பலகை வரிசைகளுக்கு நடுவிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை வாஷர் வைத்து மெல்லிய இடைவெளி விடுவார்கள். இதைக் கார்பென்டர் "பார்க்க அசிங்கமா இருக்கு" என்று இறுக்கி அடித்துவிட்டால், முதல் ஐப்பசி மழையிலேயே தரை நடுவில் எழும்பும்.

எழும்புவதற்கு முன்னால் அறிகுறி தெரியும். விளக்கைப் போட்டுவிட்டு எண்ட் லைனில், அதாவது ரிங்குக்குப் பின்னால் இருக்கிற கோட்டில், குனிந்து தரையோடு கண்ணை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரே பட்டையாக விழாமல் வரி வரியாக உடைந்தால், ஒவ்வொரு பலகையின் ஓரமும் தூக்கி நடு குழிந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கையைக் குறுக்கே தேய்த்தால் விளிம்பு தட்டுப்படும். இது அடியிலிருந்து ஈரம் ஏறுவதன் அடையாளம். இந்த நிலையில் அவசரப்பட்டு மேலே இழைத்துச் சமன் செய்யக் கூடாது. ஈரம் இறங்கியதும் பலகை பழைய வடிவத்துக்குத் திரும்பும், அப்போது இழைத்த ஓரங்கள் பள்ளமாகிவிடும். முதலில் கூடத்தை உலர்த்த வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். காத்திருக்கத்தான் வேண்டும்.

கட்டுமானத்தில் பாதித் தவறு வரிசையில்தான் நடக்கிறது. கான்கிரீட் உலர்வதற்கு 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாசம் என்பது பழகிய கணக்கு. 150 மி.மீ. சிலாப் என்றால் ஆறு மாசம். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் இன்னும் இழுக்கும். மேலே கை வைத்துக் காய்ந்துவிட்டது என்று சொல்வது பயன்படாது. சிலாப்பில் துளை போட்டு உள்ளே ஈரமானியை இறக்கி, பலகை தருகிற கம்பெனி சொல்லும் அளவுக்குள் வந்ததா என்று பார்க்க வேண்டும். சமமட்டமும் முக்கியம். 3 மீட்டர் நேர்கோலை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. அதன் பிறகு கதவு, கூரை, பெயின்ட், டைல்ஸ் எல்லாம் முடிந்து, ஏசி நிலையாக ஓட ஆரம்பித்த பிறகே பலகைப் பெட்டி உள்ளே வரலாம். வந்ததும் பிரித்து, இடையில் காற்றுப் போக அடுக்கி, ஒன்று இரண்டு வாரம் கூடத்தின் காற்றுக்குப் பழக விட வேண்டும். திறப்பு விழா தேதியை முதலில் அறிவித்துவிட்டு வேலை செய்கிற வழக்கம் இருக்கும் வரை இந்த இரண்டு வாரம்தான் முதலில் பலி. மேஸ்திரி பூச்சு வேலை செய்து கொண்டிருக்கும்போதே பலகை வந்து இறங்கும், சிமென்ட் ஈரத்தை முழுக்க அது குடித்துவிடும்.

ரிங் உயரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர். போர்டைத் தாங்குகிற ஸ்டாண்டின் அடிப்பகுதி எண்ட் லைனிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மரத்தரையும் சரியாக அங்கேதான் முடிகிறது. ஆக ஸ்டாண்டு நிற்பது கான்கிரீட் மேல், ஆட்டக்காரர் நிற்பது மரத்தின் மேல். பேடு, பிளைவுட், மேப்பிள் சேர்ந்து 6 செ.மீ. பக்கம் உயரம். ஸ்டாண்டு நிற்கிற இடத்தையும் அதே அளவு உயர்த்தாவிட்டால் ரிங் அவ்வளவும் தாழ்ந்துவிடும். வரைபடத்திலேயே கான்கிரீட்டில் ஒரு படியாக இதைக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்புறமாக மரக்கட்டை முட்டுக் கொடுத்தால், டங்க் அடிக்கும்போது போர்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஊர் காற்றுக்கு ஏசி எவ்வளவு வேண்டும்? 3,000 பேருக்கு, ஆளுக்கு வினாடிக்கு 3.8 லிட்டர் வெளிக்காற்று என்றால் சுமார் 24,000 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு அத்தனை கன அடி. அந்த வெளிக்காற்றைக் குளிர்வித்து ஈரம் பிழிய மட்டும் 150 டன் பக்கம் போகும். உட்கார்ந்து கத்துகிற ஜனங்களின் உடல் சூட்டுக்கு 110 டன். கூரை, விளக்கு, எல்ஈடி திரை எல்லாம் சேர்த்தால் 350 டன்னுக்கு மேல் திட்டமிட வேண்டும். இது ஆட்ட நாளுக்கான அளவு. அரங்கத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, ஆட்டம் இல்லாத நாளில் ஓடுகிற சின்ன யூனிட். கூடம் காலியாக இருக்கும்போது ஈரத்தை மட்டும் இழுக்கிற 30, 40 டன் யூனிட் ஒன்றைத் தனியாக வைத்து, இரவும் பகலும் ஓட்ட வேண்டும். "ஆட்டம் இருந்தா மட்டும் ஏசி போடு, இபி பில் எகிறுது" என்று நிர்வாகம் சொல்லும். அப்படிப் போட்டு அணைக்கும் கூடத்தில் தரை வாரா வாரம் விரிந்து சுருங்கி ஆணி தளர்ந்துவிடும். அப்போது பலகையில் கறுப்பு இடைவெளி தெரியும், பந்து சில இடத்தில் செத்து விழும். புயல் நேரத்தில் கரண்ட் இரண்டு மூன்று நாள் போகும், அதனால் இந்தச் சின்ன யூனிட்டுக்கு ஜென்செட் இணைப்பு கட்டாயம்.

கதவு விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரியைத் தொட்டதும் தண்ணீராகக் கசியும். உள்ளே தரை 24 டிகிரியில் இருக்கிறது. சரக்கு இறக்குகிற பெரிய ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும், அந்த ஓரத்து மரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்துவிடும். ஆட்டக்காரர் முட்டி விலகுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். எல்லா வாசலுக்கும் இரட்டைக் கதவு, நடுவில் 4 மீட்டராவது இடம், ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்க வேண்டும். டிவி ஒளிபரப்புக்கு வரும் ஓபி வேன், சாமான் லாரிக்கான ஷட்டருக்கும் இதே விதி. அவசர வழிக்கு மட்டும் விலக்கு, அங்கே தள்ளினால் திறந்தாக வேண்டும். தேசியக் கட்டட விதி சமதள வழிக்கு ஆளுக்கு 6.5 மி.மீ. அகலம் கேட்கிறது. 3,000 பேருக்கு 19.5 மீட்டர், அதாவது 2 மீட்டர் கதவு பத்து.

இடம் எது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. மாதவரம் பக்கம் போனால் கடல் தூரம், துரு குறைவு. ஆனாலும் திருவொற்றியூர், விம்கோ நகர் பட்டைதான் சரி. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. சாலை வழியாக மட்டும் வர வேண்டும் என்றால், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அணி பஸ்ஸே மாட்டிக்கொள்ளும். துருவைக் காசு கொடுத்துத் தடுக்கலாம். ரயிலைக் காசு கொடுத்து ஒரு லீக் கொண்டுவர முடியாது. ஒரு எச்சரிக்கை: உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியும் அலை ஏறுகிற தூரம் வரை விதி உண்டு. மனை வாங்கும் முன்பே அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

துருவுக்கு வருவோம். 45, 50 மீட்டர் தூண் இல்லாமல் தாண்டிக் கூரையைத் தாங்குகிற ட்ரஸ் சட்டங்கள் எல்லாம் இரும்பு. 6 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள இரும்பைத் துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் சராசரி 85 மைக்ரான் பூச்சு ஏறும். கடலோரக் கடும் காற்றில் அது வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும். ஆக பத்து முதல் இருபது வருஷம். அதன் மேல் எபாக்ஸியும் பாலியூரிதேனும் அடித்தால் ஆயுள் கூடும். ஆனால் சைட்டில் வெல்டிங் வைத்த இடத்தில் எல்லாப் பூச்சும் எரிந்து போகிறது, துரு அங்கிருந்துதான் கிளம்பும். எல்லா மூட்டும் போல்ட் மூட்டாகத் தொழிற்சாலையிலேயே துளை போட்டு வந்துவிட வேண்டும். வெளியே தெரிகிற சின்ன போல்ட், கைப்பிடிக்கு 316 ரக எவர்சில்வர். 304 போட்டால் பழுப்புக் கறை சீக்கிரமே தெரியும். காற்றுக்கு, நம் கட்டட விதிப்படி சென்னையின் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். கூரை ஷீட்டை இந்தக் காற்று கீழே அழுத்துவதை விட மேலே பிய்த்து இழுப்பதுதான் அதிகம், மூலைகளில் ஸ்க்ரூவை நெருக்கிப் போட வேண்டும். ஷீட்டுக்கு அடியில் 10 செ.மீ. ராக்வூல் இல்லாவிட்டால் மழைச் சத்தத்தில் ரெஃபரி விசில் கேட்காது.

தண்ணீர். வெளிநாட்டு அரங்கங்கள் பலவற்றில் கோர்ட் தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கும். ஜனங்கள் நடு வரிசையில் நுழைந்து மேலும் கீழும் பிரிவார்கள். நடக்கிற தூரம் குறையும், பார்க்கவும் அழகு. வடசென்னையில் இதைச் செய்யவே கூடாது. 2015 வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எங்கே வரைக்கும் ஏறின என்று அக்கம்பக்கத்துச் சுவரே சொல்லும். மிக்ஜாமில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அந்தக் கறைக்கு மேல் 1.2 மீட்டர் ஏற்றிக் கோர்ட்டை வைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு என்றால் அதற்கு 14.4 மீட்டர் நீளச் சாய்தளமும், நடுவில் நின்று இளைப்பாறத் தட்டும் வேண்டும். பேனல் போர்டு, ஜென்செட், சில்லர் எதுவும் அடித்தளத்தில் கூடாது, அடித்தளமே கூடாது. மண் மணலும் களியும் கலந்தது, தோண்டினால் சீக்கிரமே ஊற்று. தூண்களுக்கு மண்ணில் ஆழமாக இறங்கும் பைல் அஸ்திவாரம் போட்டுவிட்டு, கோர்ட் சிலாப்பைச் சாதாரண மண் நிரப்பி அதன் மேல் போடுகிறவர்கள் உண்டு. தூண் அசையாது, நடுத்தரை மட்டும் இறங்கும். சிலாப்பையும் பைல் மேல் உட்கார்த்துவதுதான் சரி.

விளக்குக்கு டிவி ஒளிபரப்பு தரத்தில் 1,500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். ரிங்குக்கு நேர் மேலேயும் பின்னாலேயும் விளக்கைத் தொங்கவிட்டால் ஷூட்டர் கண் கூசும், பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும். கழிப்பறையைத் தாராளமாக வையுங்கள். இடைவேளை 15 நிமிஷம்தான், கிளிப்பர்ஸ் தங்கள் அரங்கத்தில் 18,000 பேருக்கு 1,100க்கும் மேல் வைத்தது இதற்காகத்தான்.

பராமரிப்பில் பெரிய எதிரி பினாயில் வாளி. நம் ஊரில் பெரிய கூடத்தைச் சுத்தம் செய்வது என்றால் தண்ணீரை ஊற்றித் தேய்ப்பது என்றுதான் பழக்கம். மேப்பிளில் ஒரு மாசம் அப்படிச் செய்தால் பலகை இடுக்கில் தண்ணீர் இறங்கி ஓரம் கறுத்துவிடும். அகலமான உலர் மாப், ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை. கறைக்கு, தரைக் கம்பெனி சொல்லும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை மேலே லேசாகச் சுரண்டிப் புது பாலியூரிதேன் பூச்சு. வாசலில் 3 மீட்டருக்குக் குறையாத மிதியடி, இந்தப் பக்கத்துப் புழுதிக்கு அது இல்லாமல் முடியாது. மாசம் ஒருமுறை பந்துச் சோதனை: அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்துப் பந்தை விட்டால், மேல்பாகம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் எழ வேண்டும். சரியான காற்றுள்ள ஒரே பந்தால் மீட்டருக்கு ஒரு புள்ளியாக முழுத் தரையிலும் விட்டு, தாழ எழுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அங்கே அடியில் பேடு நகர்ந்திருக்கும், அல்லது ஆணி விட்டிருக்கும்.

கச்சேரி, கூட்டம் என்று வாடகைக்கு விடாமல் செலவு கட்டாது என்பது உண்மை. அதற்குத் தரையைக் கழற்றிக் கழற்றி மாட்ட நினைக்க வேண்டாம். 1.2க்கு 2.4 மீட்டர் பலகத் துண்டுகள் என்றால் 200க்கு மேல் ஆகும், ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்குகிற கனம், அடுக்கி வைக்கிற அறைக்கும் இரவு பகலாக ஏசி வேண்டும். நிரந்தரத் தரை போட்டு, மேலே மூடு பலகை விரித்து, மேடையைக் கோர்ட்டுக்கு வெளியே வைத்தால் போதும். நாற்காலிக் காலுக்கு ரப்பர் குப்பி, தண்ணி பாட்டிலுக்கு வாசலோடு தடை. கபடிக்கும் பேட்மிண்டனுக்கும் மேலே மேட் விரித்துக்கொள்ளலாம், தரைக்குக் கேடில்லை.

பயிற்சிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கோர்ட் கட்டாயம். அதில் மேப்பிள் வேண்டாம், கான்கிரீட் மேல் 7 முதல் 9 மி.மீ. பாலியூரிதேன் போதும். அது ஈரத்துக்கு அசையாது, ஃபேனும் ஜன்னலும் இருந்தால் சமாளிக்கும். லீக் ஆட்டம் இல்லாத காலை நேரத்தை, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் சிமென்ட் கோர்ட்டில் முட்டி தேய ஆடுகிற பிள்ளைகளுக்கு எழுத்துப்பூர்வமாக ஒதுக்கிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடும்போதே இந்த நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தேதி கொடுக்க வேண்டும். இந்தக் கோர்ட்டின் ரிங்குக்கு இரும்புச் சங்கிலி வலை மாட்டாதீர்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். நைலான் வலை வாங்கி, வருஷத்துக்கு நாலு முறை மாற்றினால் போதும்.